புதுச் சாப்பாடு என்றாலே சிலர் தட்டைத் தள்ளிவிடுவது ஏன்?

கேள்வி இதுதான். கணவருக்கு 34 வயது. இட்லி, தோசை, சாதம், சாம்பார், ரசம், தயிர், உருளைக்கிழங்கு வறுவல், கோழி வறுவல், இவற்றைத் தாண்டி எதையும் வாயில் வைக்கமாட்டார். வற்புறுத்தினால் பசியோடு எழுந்து போய்விடுவார். நாலு வயது மகனும் அதே வழியில் போகிறான். இது திமிரா, வளர்த்த விதமா, மாற்ற முடியுமா, அடுத்த மாதம் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோமே, அங்கே என்ன செய்வது?

திமிரும் இல்லை, கொழுப்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இந்தப் பேச்சு எப்போதும் குணத்தைப் பற்றிய சண்டையாகத்தான் முடிகிறது. "என் சமையல் உங்களுக்கு இறங்காது", "உங்க அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க", "ஊரே சாப்பிடுது, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு" என்று போகும். மறுப்பவருக்கு உள்ளே இருப்பது பயம். அவர் அதைப் பயம் என்று சொல்லமாட்டார், "பிடிக்கல" என்பார். சாப்பிட்டே பார்க்காதது எப்படிப் பிடிக்காமல் போகும் என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்கு அவரிடம் பதில் இருக்காது. நான் உணவியல் படித்துவிட்டு, சாப்பிட மறுக்கும் குழந்தைகளோடும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரோடும் வேலை பார்க்கிறேன். வருகிற அப்பாக்களில் பலர் கடைசியில் மெல்லச் சொல்வார்கள், தாங்களும் இப்படித்தான் என்று.

சரி, இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? ஆஸ்திரேலியாவில் மரத்தில் வாழும் கோலா என்ற விலங்குக்கு இந்தக் கவலையே கிடையாது. யூகலிப்டஸ் இலைதான் சாப்பாடு, அதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. மனிதனால் கிழங்கு, இலை, பூச்சி, மீன், பால் எல்லாவற்றையும் தின்று உயிர்வாழ முடியும். எதையும் தின்னலாம் என்றால், தின்பதில் ஏதாவது ஒன்று விஷமாகவும் இருக்கலாம். புதியதைத் தேடாவிட்டால் பட்டினி, கண்டதையும் தின்றால் சாவு. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருப்பதைத்தான் அமெரிக்க உளவியலாளர் பால் ரோஸின் 1976-இல் அனைத்துண்ணியின் சங்கடம் என்று எழுதினார். எலியும் நம் கூட்டம்தான், அதுவும் கண்டதைத் தின்னும். ஆனால் எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் புதிதாக எதைப் பார்த்தாலும் துளி கொறித்துவிட்டுக் காத்திருக்கும். வயலில் எலிக்கு மருந்து வைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிங்க் பாஸ்பைடு வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் வெறும் நொய்யை எண்ணெயில் பிசைந்து வைத்துப் பழக்குவார்கள். பழக்காமல் வைத்தால் எலி கொஞ்சமாகக் கொறித்து, வயிறு கலங்கி, பிழைத்துக்கொள்ளும், அதன்பிறகு அந்தப் பக்கமே திரும்பாது.

குழந்தையிடமும் இதே காவல் வேலை செய்கிறது, ஆனால் பிறந்ததிலிருந்து இல்லை. ஆறு மாதத்தில் பூசணி மசியல், கீரைத் தண்ணீர், வாழைப்பழம் என்று கொடுத்ததையெல்லாம் சப்புக் கொட்டிச் சாப்பிட்ட பிள்ளை, நடக்கத் தொடங்கி ஒன்றரை, இரண்டு வயதாகும்போது வாயை இறுக மூடிக்கொள்ளும். போன வாரம் சாப்பிட்ட கீரையையே துப்பும். அம்மாக்கள் பதறிப்போவார்கள், கண்பட்டுவிட்டது என்பார்கள். நினைத்துப் பார்த்தால் இந்த வயதில்தான் குழந்தை தாயின் கையை விட்டுத் தானாக அலைந்து தரையில் கிடப்பதையெல்லாம் எடுக்கிறது. அப்போது ஒரு பூட்டு தேவைப்படுகிறது, அது சரியாக விழுகிறது. இரண்டிலிருந்து ஆறு வயது வரை இது உச்சத்தில் இருக்கும், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிறகு தளர்ந்துவிடும். உங்கள் மகன் அதன் நட்டநடுவில் நிற்கிறான். உங்கள் கணவருக்கு அது முழுதாகத் தளரவே இல்லை.

வளர்த்த விதமா என்று கேட்டீர்கள். பெரும் பங்கு பிறவியிலேயே வருகிறது. 2007-இல் பிரிட்டனில் லூசி குக் குழுவினர் 8 முதல் 11 வயது வரையுள்ள ஐயாயிரத்துக்கும் அதிகமான இரட்டையர் ஜோடிகளை வைத்துப் பார்த்தார்கள். புது உணவுக்குப் பயப்படுவதில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசத்தில் 78 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கணக்கு வந்தது. உயரத்தைப் போல அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்து சேர்கிற சங்கதி இது. அதனால் மாமியாரைக் குற்றம் சொல்வதை விட்டுவிடுங்கள், அவர் நிறையப் போராடியிருப்பார். அதற்காக இது மாறாது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பயம் எவ்வளவு பெரியது என்பது பிறவி, அந்தப் பயத்தோடு எதையெல்லாம் பழகிக்கொள்கிறோம் என்பது வீடு.

நாக்கும் எல்லோருக்கும் ஒன்றில்லை. 1931-இல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் கையாண்ட ஒரு பொடி காற்றில் பறந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஐயோ கசக்கிறதே என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த வித்தியாசத்துக்குக் காரணமான மரபணுவைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ், நூல்கோல் வகைக் காய்களில் இருக்கும் ஒருவிதக் கசப்பும் இதே வழியில்தான் தெரிகிறது. அதனால் ஒரே பொரியலைச் சாப்பிடும் இரண்டு பேர் ஒரே ருசியைச் சாப்பிடவில்லை என்பது மெய்யாகவே நடக்கிறது.

ஆனால் என் அனுபவத்தில் ருசியைவிடப் பெரிய தொல்லை, வாயில் போட்டால் என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான். இப்படிப்பட்டவர்கள் சாப்பிடுவதை உற்றுப் பாருங்கள். தட்டு வந்ததும் கை நேரே வாய்க்குப் போகாது. முதலில் விரல் நுனியால் குழம்பிலிருக்கும் துண்டைப் புரட்டுவார்கள், பிய்ப்பார்கள், உள்ளே பார்ப்பார்கள். கொழகொழப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் தோள் லேசாகப் பின்னால் போகும். மோமோ, ஸ்பிரிங் ரோல், பர்கர் போல உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதது எதுவும் ஆகாது. இட்லி எந்த ஊரில் பிட்டாலும் உள்ளே இட்லிதான். உங்கள் கணவரின் பட்டியலை இப்போது திரும்பப் பாருங்கள். அதில் இருக்கும் எல்லாமே மூடிய கண்ணோடு மென்றாலும் அடுத்த கடி எப்படி இருக்கும் என்று தெரிந்தவை. பிள்ளைகள் பாக்கெட் பிஸ்கட்டை விரும்புவதற்கும் இது ஒரு காரணம், சர்க்கரை மட்டும் இல்லை. நூறு பிஸ்கட்டும் ஒரே மாதிரி உடையும், ஆனால் நாலு கொய்யாப்பழத்தில் ஒன்று புளிக்கும், ஒன்று குழைந்திருக்கும்.

இதன் கூடவே அருவருப்பு வருகிறது, அது பயத்தைவிடப் பிடிவாதமானது. ரோஸினும் அவர் சகாக்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி நீக்கம் செய்த செத்த கரப்பான்பூச்சியைப் பழச்சாறில் முக்கி எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். சுத்தமானது என்று சொல்லியும் மனம் ஒப்பவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு இடியாப்பத்தின் மேல் விழுந்த ஒற்றைக் கொத்தமல்லி இலை இப்படித்தான். இலையை எடுத்துவிட்டேனே, இனிச் சாப்பிடு என்று நாம் சொல்வோம். அவனுக்கு அந்த இடியாப்பம் முழுவதும் தொட்டுவிட்டது, போச்சு. அடம் பிடிக்கிறான் என்று முதுகில் ஒன்று வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்றையும் கணவரிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் எதையாவது சாப்பிட்டு மோசமாக வாந்தி எடுத்தது உண்டா என்று. ஜான் கார்சியா என்ற உளவியலாளர் 1955-இல் எலிகளுக்குச் சர்க்கரைப் பதிலியான சாக்கரின் கலந்த தண்ணீர் கொடுத்துக் கதிர்வீச்சால் நோகவைத்தபோது, அவை நோவுக்குக் காரணமே இல்லாத அந்த இனிப்பை வெறுத்துவிட்டன. மனிதர்களிடமும் அப்படியே. 1978-இல் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய் மருந்து ஏறுவதற்கு முன் புது ருசியில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதைத் தள்ளினார்கள். மருந்தால்தான் குமட்டியது என்று தெரிந்திருந்தாலும் வயிறு அந்த நியாயத்தைக் கேட்பதில்லை. மஞ்சள் காமாலை வந்த வாரம் சாப்பிட்ட மீனையோ, மலைப்பாதைப் பேருந்தில் ஏறும் முன் சாப்பிட்ட முட்டையையோ ஆயுசுக்கும் தொடாதவர்கள் நிறையப் பேர். (சைவமாகவோ ஹலால் மட்டுமாகவோ இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது பயத்தில் வருவதில்லை, நெறியில் வருவது, அதை மாற்றப் பார்ப்பதும் முறையில்லை.)

சரி, மாற்ற முடியுமா? ஒரு ஊரே மாறியிருக்கிறது. திருவிதாங்கூர்க் கதையை நான் அடிக்கடி சொல்வேன், கன்னியாகுமரி மாவட்டக்காரர்களுக்கு இது சொந்தக் கதை, 1956 வரை அவர்களும் அந்தப் பக்கம்தானே. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த மரவள்ளியை, குமரிப் பக்கம் மரச்சீனி என்பார்கள், சோற்றுக்குப் பழகியவர்கள் எளிதில் ஏற்கவில்லை. அவர்கள் பயந்ததில் நியாயமும் இருந்தது. அந்தக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு, கசப்பு வகைகளில் அதிகம். அரிந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால்தான் ஆபத்தில்லை. தாது வருஷப் பஞ்சம் முடிந்து இரண்டு வருஷத்தில், 1880-இல் பட்டத்துக்கு வந்த விசாகம் திருநாள் மகாராஜா 1885-இல் இறக்கும்வரை இந்தக் கிழங்கைப் பரப்புவதில் முனைப்பாக இருந்தார். ஜனங்களின் பயத்தைப் போக்க, அரண்மனையில் தனக்கே அதை அவித்துப் பரிமாறச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, எப்படிச் சமைத்தால் உடம்புக்கு ஆகும் என்பதைக் கிழங்கோடு சேர்த்தே ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது, இந்தக் கிழங்குதான் திருவிதாங்கூர் வீடுகளைத் தாங்கியது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மீன் குழம்பு. மரச்சீனியைத் தனியாகத் தின்னச் சொல்லியிருந்தால் அது பஞ்சத்துச் சோறாகவே நின்றிருக்கும். தேங்காயும் குடம்புளியும் போட்ட, தலைமுறையாக நாக்கு அறிந்த மீன் குழம்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கிழங்கு உள்ளூர்க்காரனாகிவிட்டது. இன்றைக்கு அது அந்தப் பக்கத்து மக்களுக்கு ஊர் நினைப்பைக் கிளப்பும் சாப்பாடு. கோயம்புத்தூர்ப் பக்கம் காளானுக்கும் கிட்டத்தட்ட இதுவேதான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். காளான் என்றாலே மழைக்கு முளைக்கும் விஷம் என்று முகம் சுளிப்பவர்கள், சாயந்திரம் தள்ளுவண்டி முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். அந்தத் தட்டில் பாதிக்குமேல் முட்டைக்கோஸ்தான், மைதாவோடு பொரித்து, சிவந்த மசாலாவில் கொத்திக் கிளறி, மேலே வெங்காயம் தூவித் தருகிறார்கள். தெரிந்த காரமும் தெரிந்த மொறுமொறுப்பும் முன்னால் போக, காளான் அதன் பின்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உளவியலாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள், புது உணவைப் பழகிய சுவையோடு கொடுத்தால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது.

பழகிய சுவையோடு சேர்ப்பது ஒரு வழி. இரண்டாவது, கூட இருப்பவர்கள் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் நல்ல கறி படைகளுக்குப் போய்விட்டது, மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றை வீட்டில் சமைக்க வைக்க வேண்டியிருந்தது. நமக்கு ஈரலும் குடலும் விருந்து, அவர்களுக்குக் குமட்டல். கர்ட் லெவின் என்ற உளவியலாளர் சில பெண்கள் குழுக்களுக்குச் சத்து, செலவு எல்லாம் விளக்கி உரை நிகழ்த்த ஏற்பாடு செய்தார், வேறு சில குழுக்களை உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே பேசி முடிவெடுக்கச் சொன்னார். உரை கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் இதுவரை சமைக்காத ஒன்றைச் சமைத்தார்கள். கூடிப் பேசியவர்களில் 32 சதவீதம். சத்தைப் பற்றிய பிரசங்கம் வீட்டிலும் இதே லட்சணத்தில்தான் பலிக்கும். உங்கள் கணவருக்குப் ப்ரோக்கோலியின் அருமையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்?

மகன் விஷயத்துக்கு வருகிறேன், அவனிடம்தான் எளிதாக ஜெயிக்கலாம். லீயன் பர்ச் என்ற ஆய்வாளர் பல வருஷம் இதையே ஆராய்ந்தார். ஒரு புது உணவு பிடித்துப்போக எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ருசி பார்க்க வேண்டியிருக்கும். கண்ணால் பார்த்துப் பழகினால் மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும். நம் வீடுகளில் மூன்றாவது தடவை துப்பியதும் "இவனுக்கு இது ஆகாது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அதனால் அளவைச் சிறிதாக்குங்கள், ஒரு பட்டாணி அளவு போதும். அவன் வழக்கமாகச் சாப்பிடும் தோசைக்குப் பக்கத்தில், தோசையைத் தொடாமல் வையுங்கள். நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினால் துப்பட்டும், துப்ப ஒரு கிண்ணம் வைத்துவிடுங்கள். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளைதான் வாயைத் திறக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே பொருள், அதே அளவு, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல்.

ஊட்டித் திணிக்காதீர்கள். "முடிச்சிடு, முடிச்சிடு" என்று சூப் குடிக்கச் சொல்லி நெருக்கிய பிள்ளைகள் அதைக் குறைவாகவே குடித்து, அதைப் பற்றி மோசமாகவும் பேசினார்கள் என்று 2006-இல் ஒரு ஆய்வு வந்தது. கீரை சாப்பிட்டால் சாக்லேட் என்ற பேரமும் வேண்டாம், கீரை ஒரு தண்டனை என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். தோசை மாவில் கீரையை அரைத்து ஒளித்து வைக்கும் வித்தையும் எனக்குச் சம்மதமில்லை. ஒருநாள் கண்டுபிடிப்பான், அன்றைக்குக் கீரையோடு தோசையும் போகும், உங்கள் மேலிருந்த நம்பிக்கையும் போகும். பச்சையாக இருக்கிறது, கீரை போட்டிருக்கிறேன் என்று சொல்லியே சுடுங்கள். அதைவிட முக்கியம், அவன் கண்முன்னே நீங்கள் அதையே சாப்பிடுவது. ரவைக் கஞ்சிக்குச் சாயம் போட்டுச் செய்த ஒரு சோதனையில், எதிரே இருந்த பெரியவர் சாப்பிட்டது அதே நிறக் கஞ்சியாக இருந்தபோதுதான் பிள்ளைகளும் தயங்காமல் சாப்பிட்டார்கள், பெரியவர் வேறு நிறத்தில் சாப்பிட்டால் அவ்வளவு பலனில்லை. பிள்ளைக்குத் தனியாக முன்னாலேயே ஊட்டிவிட்டு, பெரியவர்கள் பிறகு டிவி முன்னால் சாப்பிடும் வழக்கம் இந்தப் பாடத்தைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது.

அடுத்த குழந்தை உண்டாகியிருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலி மென்னெல்லா என்ற ஆய்வாளர் 2001-இல் காட்டியபடி, கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தைக்குத் திட உணவு தொடங்கும்போது கேரட் ருசி அந்நியமாகத் தெரிவதில்லை. பூண்டின் வாசனை தாய்ப்பாலுக்குப் போவதையும் அவர் முன்பே காட்டியிருக்கிறார். நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் கொடுப்பது பால் ஊற என்றுதான், கூடவே குழந்தைக்கும் வீட்டு ருசி அறிமுகமாகிவிடுகிறது. பத்தியம் என்ற பேரில் மாதக்கணக்கில் வெறும் ரசம் சோறு மட்டும் போடுவதில்தான் எனக்கு வருத்தம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? எடை ஏறாமல் நின்றுவிட்டால், ரத்தசோகை போலச் சத்துக் குறைவு தெரிந்தால், ஏற்கெனவே சாப்பிட்டுவந்தவையும் ஒவ்வொன்றாகக் கழன்று பட்டியல் சுருங்கிக்கொண்டே போனால், மெல்லும்போதும் விழுங்கும்போதும் அடிக்கடி புரையேறினால், தாமதிக்காமல் காட்டுங்கள். இந்த அளவுக்கு முற்றியதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேடு தனிக் கோளாறாகவே சேர்த்திருக்கிறது, உடல் பருமன் பயத்தில் சாப்பிடாமல் இருப்பதிலிருந்து இது வேறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம் தெரியும். சிகிச்சை உண்டு, பெரியவர்களுக்கும் உண்டு.

கணவருக்கு முதலில் விடுதலை கொடுங்கள். "சாப்பிட வேண்டாம், யாரும் கேட்கமாட்டோம்" என்று சொல்லி அதைக் காப்பாற்றுங்கள், சொந்தக்காரர்கள் முன்னால் கேலி பேசுவதையும் நிறுத்துங்கள். 34 வயது ஆணுக்குப் பந்தியில் எல்லோரும் பார்க்க இதை விளக்க வேண்டியிருப்பது பெரிய வெட்கம், நிறையப் பேர் அதற்காகவே அலுவலக விருந்துகளுக்குப் போவதில்லை. பிறகு அவரே தேர்ந்தெடுக்கும் ஒன்றில் தொடங்கலாம், அவர் பட்டியலிலிருந்து ஒரே ஒரு படி தள்ளியதாக. கோழி வறுவல் பிடிக்குமென்றால் அதே மசாலாவில் மீன் வறுவல். உருளைக்கிழங்கு வறுவல் பிடிக்குமென்றால் அதே தாளிப்பில் சேப்பங்கிழங்கு, ஆனால் கொழகொழப்பு போக மொறுமொறுப்பாக வறுத்தது.

வியட்நாம் நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை, அது சோற்று நாடு. ஹோய் ஆன் பக்கம் போனால், கோழி வேகவைத்த தண்ணீரிலேயே மஞ்சள் சேர்த்து வடித்த சோற்றின்மேல் கோழியைப் பிய்த்துப் போட்டுத் தருவார்கள், அங்கே தொடங்குங்கள். நம் இடியாப்பம் போலவே மெல்லிய அரிசி நூலைப் பின்னி அவித்ததும் கிடைக்கும். நிறைய உணவில் மீன் சாறு சேரும், கருவாட்டு வாடை வரும், அதைப் போகும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், மேசையில் திடீரென்று மூக்கில் ஏறினால் அன்றைய சாப்பாடு போச்சு. தட்டு நிறைய வரும் பச்சை இலைகளைத் தனியாக வைக்கச் சொல்லலாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு சின்னப் பாட்டில் நல்லெண்ணெய் கட்டாயம் எடுத்துப் போங்கள். ராத்திரிக்கு வெறும் சோறு வாங்கிப் பிசைந்தாவது வயிறு நிறையும் என்று தெரிந்திருந்தால்தான், மத்தியானம் உங்கள் தட்டிலிருந்து ஒரு வாய் கேட்கும் தைரியம் அவருக்கு வரும். கேட்டால் கொடுங்கள், எப்படி இருக்கிறது என்று மட்டும் உடனே கேட்டுவிடாதீர்கள்.